எடைக்குப் போடக் கூடாத காகிதங்கள்

நாட்டு மருந்துக் கடையில் 'பிள்ளை வளர்ப்பான்' என்று கேட்டால், விரல் பருமனில் கணுக்கணுவாக இருக்கும் ஒரு பழுப்புக் கிழங்கை எடுத்துத் தருவார்கள். வசம்புதான் அது. முகர்ந்தால் மண்வாசமும் காரமும் கலந்து மூக்கில் ஏறும். பிள்ளை பிறந்த வீட்டில் அதைத் துண்டு துண்டாக நறுக்கி, நூலில் கோத்து, குழந்தையின் கையில் வளையமாகக் கட்டுவது நம் பக்கத்து வழக்கம். புதுக்கோட்டையிலிருந்து அறுபது கிலோமீட்டர் போல வடக்கே போனால் தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம். அங்கே இதே வசம்பை இடித்து, மிளகு, கிராம்பு, பட்டை, கருஞ்சீரகம் ஆகியவற்றோடு சேர்த்து, சிறு துணி முடிச்சாகக் கட்டி, ஓலைச்சுவடிகளின் பக்கத்தில் வைப்பார்கள். பிள்ளைக்கும் ஏட்டுக்கும் ஒரே காவல்.

இதற்குப் பின்னால் வேதியியல் இருக்கிறது. வசம்பில் உள்ள பீட்டா-அசரோன் என்ற பொருள் பூச்சிகளின் இனப்பெருக்கத்தைக் குலைக்கிறது. முட்டை இடுவது குறைந்தால் அடுத்த தலைமுறைப் பூச்சி வராது, ஏடு தப்பிக்கும். ஆனால் அதே பொருள் உடலுக்குள் போனால் தீங்கு செய்யக்கூடும். அதனால்தான் பச்சிளங்குழந்தைக்கு வசம்பை உரைத்து ஊட்டாதீர்கள் என்று குழந்தை மருத்துவர்கள் இன்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

மருந்தாக அதன் இடம் மாறிவிட்டாலும், அந்த வழக்கத்துக்குள் இருக்கும் எண்ணம் அருமையானது. குழந்தையும் ஏடும் தம்மைத் தாமே காத்துக்கொள்ளத் தெரியாதவை, யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று நம் முன்னோர் கண்டிருக்கிறார்கள். இரண்டும் சேரும் ஓர் இடம் உண்டு. குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்தவர்கள் விட்டுச் சென்ற பழைய காகிதங்கள்தான் அந்த இடம்.

கல்லெழுத்தின் ஊரில் பிறந்தவர்

எழுத்து எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டத்தைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. சித்தன்னவாசலின் ஏழடிப்பட்டத்தில் சமணர்களின் கற்படுக்கை ஓரம் வெட்டிய தமிழ்ப் பிராமி எழுத்துக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் வயது. குடுமியான்மலைப் பாறையில் இசைச் சுரங்களைச் செதுக்கிய கல்வெட்டு ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். வெயிலும் மழையும் தின்றது போக, இன்றும் விரலால் தடவிப் படிக்கலாம்.

இந்த மண்ணில் 1886 ஜூலை 30 அன்று பிறந்த ஒருவர் எழுதியவை கல்லில் இல்லை, காகிதத்தில் இருக்கின்றன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தந்தை நாராயணசாமி ஐயர் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த அந்தக் கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு எழுந்தபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவருக்கு இடமும் உதவித்தொகையும் கொடுத்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார்.

அந்தக் காலத்தில் சென்னை நகரில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் இருநூறுக்கும் மேற்பட்டவை ஒரு வயதைக் காணாமலே போயின. தமிழ்நாட்டில் 2020இல் அந்த எண்ணிக்கை 13. இடையில் நடந்தது ஒரு பெரும் பயணம். அது தொடங்கியபோது இந்தியாவில் குழந்தை மருத்துவம் என்ற தனித்துறையே உருப்பெறவில்லை. இந்தியக் குழந்தை மருத்துவத்துக்கென்று ஓர் ஆய்விதழை டாக்டர் கே.சி. சௌத்ரி கல்கத்தாவில் தொடங்கியதே 1933இல்தான். அதற்கு முன்பே, 1925இல், பெண்கள் குழந்தைகள் நோய்களில் மேற்பயிற்சி பெற முத்துலட்சுமி லண்டனுக்குக் கப்பல் ஏறினார். 1926 கடைசியில் சென்னை சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். மறு ஆண்டே அதன் துணைத் தலைவர் ஆனார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டும் என்று அவையில் தீர்மானம் கொண்டுவந்தார். அதன் விளைவாக அரசு மகப்பேறு மருத்துவமனையில் குழந்தைகளுக்கென்று ஒரு பிரிவு திறந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் முறையாக உடல் பரிசோதனை செய்ய வேண்டும் என்றும் வாதாடினார்.

தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம், ஆதரவற்ற பெண் குழந்தைகளுக்கு ஔவை இல்லம், 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை என்று அவர் வாழ்க்கை நீண்டது. அந்த மருத்துவமனையில் 1960இல் குழந்தைகளின் புற்றுநோய்க்கென்றே தனி வார்டு அமைந்தது. 1968 ஜூலை 22 அன்று அவர் மறைந்தார்.

அவருடைய கடிதங்கள், உரைகள், பொருள்வாரிக் கோப்புகள் எல்லாம் புது தில்லி தீன்மூர்த்தி வளாகத்தில் இருக்கின்றன. நேரு நினைவு அருங்காட்சியகம் மற்றும் நூலகம் என்று நெடுங்காலம் நாம் அறிந்த அந்த இடத்துக்கு இன்று பிரதமர்கள் அருங்காட்சியகம் மற்றும் நூலகம் என்று பெயர். இந்தியப் பெண்களின் வரலாற்றை எழுத முனைகிறவர்கள் தேடிப் போகும் இடங்களில் 'முத்துலட்சுமி ரெட்டி தாள்கள்' முக்கியமான ஒன்று.

புத்தகம் சொல்லாததைத் தாள் சொல்லும்

அவர் தம் வாழ்க்கையைப் புத்தகமாகவே எழுதியிருக்கிறாரே, 1964இல் தன்வரலாறு வந்துவிட்டதே, பிறகு எதற்குத் தாள்கள் என்று கேட்கலாம். தன்வரலாறு என்பது வயதான பிறகு திரும்பிப் பார்த்து, வேண்டியதை எடுத்து, கோத்துச் சொல்வது. முடிவு தெரிந்த பிறகு எழுதுவது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எழுதிய கடிதத்துக்கு அடுத்த நாள் என்ன நடக்கும் என்று தெரியாது. அந்தத் தெரியாமைதான் அதன் மதிப்பு. நோயாளி சொன்ன கதைக்கும், அன்றன்று காய்ச்சலை அளந்து எழுதிய அட்டைக்கும் உள்ள வேறுபாடு போல இது.

அந்தக் காலத்துத் தட்டச்சுக் கடிதங்களில் ஒரு விந்தை உண்டு. அனுப்பிய கடிதம் பெற்றவரிடம் போய்விடும். அனுப்பியவர் கோப்பில் தங்குவது கார்பன் தாளை இடையில் வைத்து எடுத்த நகல். மெல்லிய தாள், கொஞ்சம் கலங்கிய எழுத்து. ஆனால் அந்தக் கருமையில் இருப்பது கரி. ஓலையில் எழுத்தாணியால் கீறி, எழுத்து தெரிய நம் தாத்தாக்கள் தடவினார்களே விளக்குக் கரி, அதே பொருள். வெளிச்சம் பட்டாலும் கரி வெளுக்காது. எட்டுத்தொகையைக் காத்த கரியே தட்டச்சு நகலையும் காக்கிறது.

எழுதுகோலின் மை வேறு கதை. கடுக்காயை ஊறவைத்து அன்னபேதி சேர்த்தால் கறுப்பு மை. கடுக்காயின் துவர்ப்புப் பொருளும் அன்னபேதியின் இரும்பும் கலந்து, எழுதிய பிறகு காற்றுப் பட்டுத்தான் கறுத்து நிலைக்கும். ஆனால் அந்த மையில் அமிலமும் உண்டு. காலம் போகப் போக எழுத்து இருந்த இடத்தையே தின்று, தாளில் எழுத்தின் வடிவத்தில் ஓட்டை விழும். ஐரோப்பாவில் மாசிக்காயில் செய்த மைக்கும் இதே நோய்தான்.

காகிதத்துக்கும் ஓர் உடல்

வீட்டுத் தகரப் பெட்டியிலிருந்து ஒரு பழைய கடிதத்தை எடுத்து, வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். மடிப்பு ஓடிய இடம் மற்ற இடத்தைவிடக் கறுத்திருக்கும். ஓரம் பிஸ்கட் போல நொறுங்கும். ஒரு தூளை விரலில் எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் நார் நாராகத் தெரியும். அந்த நார்தான் காகிதத்தின் எலும்பும் சதையும்.

செல்லுலோஸ் என்பது அதன் பெயர். ஆயிரக்கணக்கான சர்க்கரை அலகுகள் மணிமாலை போலக் கோத்த நீண்ட சங்கிலி. சங்கிலி நீளமாக இருக்கும்வரை தாள் வளையும், மடங்கும், பழைய நிலைக்குத் திரும்பும். அமிலமும் ஈரமும் சேர்ந்தால் அந்தச் சங்கிலியை நடுநடுவே வெட்டும். நூறு இடத்தில் வெட்டுப்பட்ட மாலை மாலையாக நிற்குமா? தாள் பொடிந்துபோவது இப்படித்தான்.

அமிலம் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மை ஊறிப் பரவாமலிருக்கக் காகிதத்தில் படிகாரமும் மரப்பிசினும் சேர்க்கத் தொடங்கினார்கள். படிகாரம் மெல்ல அமிலம் கக்கும். பிறகு கந்தலுக்குப் பதில் மரக்கூழ் வந்தது. அதிலுள்ள லிக்னின் வெயில் பட்டால் மஞ்சளாகும். பழைய செய்தித்தாள் ஒரு வாரத்தில் நிறம் மாறுவதற்குக் காரணம் அதுதான். ஆக, முன்னூறு ஆண்டு முந்தைய கந்தல் காகிதம் வெள்ளையாக இருக்க, நம் பாட்டி காலத்துக் காகிதம் நொறுங்குகிறது. பிறக்கும்போதே நோயோடு பிறந்த காகிதம் அது. வெப்பம் பத்துப் பாகை கூடினால் சிதைவின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். நம் ஊர் சித்திரை வெயிலையும் ஐப்பசி ஈரத்தையும் நினைத்துப் பாருங்கள். மீதியைக் கரையானும் ராமபாணப் பூச்சியும் பார்த்துக்கொள்ளும்.

ஆவணக் காப்பகத்தில் செய்வதைப் பார்த்தால் பச்சிளங்குழந்தை வார்டு நினைவுக்கு வரும். வெப்பமும் ஈரமும் ஏறி இறங்காத அறை. கண் கூசாத வெளிச்சம். புதிதாக வந்த காகிதக் கட்டை நேரே உள்ளே விடாமல் தனியே வைத்துப் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் உறைகுளிரில் சில நாள் வைத்தே கொல்லலாம், மருந்து வேண்டாம். துருப்பிடித்த குண்டூசியையும் கிளிப்பையும் ஒவ்வொன்றாக எடுப்பார்கள். அமிலம் ஏறிய தாளைச் சுண்ணாம்புச் சத்துள்ள நீரில் நனைத்து அமிலத்தை ஆற்றுவார்கள். கிழிசலுக்குப் பின்னால் சிலந்திவலை போன்ற ஜப்பானியத் தாளை மாவுப்பசையில் ஒட்டுவார்கள். பின்னாளில் யாராவது எடுக்க வேண்டுமென்றால் தண்ணீரில் நனைத்து எடுத்துவிடலாம் என்பதற்காகத்தான் அந்தப் பசை. பிறகு அமிலமில்லாத உறை, அமிலமில்லாத பெட்டி.

இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றினால் என்ன கிடைக்கும்? வரலாறு கிடைக்கும் என்பது எல்லோரும் சொல்வது. அறிவியலும் கிடைக்கும் என்பதை இரண்டு பதிவேடுகள் காட்டின.

ஓர் எடை எண்ணின் நீண்ட ஆயுள்

இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் 1911 முதல் எத்தல் மார்கரெட் பர்ன்சைட் என்ற தலைமைச் செவிலியர் ஓர் ஏற்பாடு செய்தார். பிரசவம் பார்க்கும் செவிலியர் குழந்தை பிறந்தவுடன் எடை எழுத வேண்டும். சுகாதாரச் செவிலியர் அந்த வீட்டுக்குப் போய்ப் போய்ப் பார்த்து, தாய்ப்பாலா புட்டிப்பாலா, என்ன நோய் வந்தது, ஒரு வயதில் என்ன எடை என்று எழுத வேண்டும். குழந்தைகள் சாகாமலிருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் நோக்கம். பெரிய பேரேடுகள் நிரம்பின. அந்தக் குழந்தைகள் வளர்ந்து, பேரேடுகளை எல்லோரும் மறந்தும் போனார்கள்.

எண்பதுகளில் டேவிட் பார்க்கர் என்ற மருத்துவரின் குழு அந்தப் பேரேடுகளைக் கண்டெடுத்தது. 1911க்கும் 1930க்கும் இடையில் பிறந்த 5,654 ஆண்களின் எடையையும், அவர்கள் பின்னாளில் எதனால் இறந்தார்கள் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பிறந்தபோதும் ஒரு வயதிலும் எடை குறைந்திருந்தவர்கள் இதய நோயால் அதிகம் இறந்திருந்தார்கள். 1989இல் 'லான்செட்' இதழில் இது வந்தபோது மருத்துவ உலகம் எளிதில் நம்பவில்லை. அறுபது வயதில் வரும் மாரடைப்புக்கும் தொட்டில் எடைக்கும் என்ன தொடர்பு?

அந்தத் தொடர்பை நம் பக்கத்திலேயே இன்னொரு பதிவேடு வலுப்படுத்தியது. மைசூரு ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச் சுற்றளவு ஆகியவற்றைப் பதிந்து பத்திரமாக வைத்திருந்தார்கள். 1934க்கும் 1954க்கும் இடையில் அங்கே பிறந்தவர்களை ஆய்வாளர்கள் வீடு வீடாகத் தேடிக் கண்டுபிடித்து, 517 பேரைப் பரிசோதித்தார்கள். பிறந்தபோது இரண்டரைக் கிலோவோ அதற்குக் குறைவோ இருந்தவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு இதயத் தமனி நோய் இருந்தது. 3.1 கிலோவும் அதற்கு மேலும் இருந்தவர்களில் நூற்றுக்கு 3 பேருக்குத்தான். 1996இல் இந்த முடிவு வெளியானது.

ஏன் இப்படி? கருவிலிருக்கும் குழந்தைக்குச் சாப்பாடு போதவில்லை என்றால், அது ஒரு கெட்டிக்காரக் குடும்பத்தலைவி போல நடந்துகொள்கிறது. இருப்பதை முதலில் மூளைக்குக் கொடுக்கிறது. சிறுநீரகம், கணையம், இரத்தக் குழாய்கள் சிக்கனத்தில் வளர்கின்றன. சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் நுண்ணலகுகளுக்கு நெஃப்ரான் என்று பெயர். அவை எத்தனை என்பது பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது, பிறகு ஒன்றுகூடக் கூடாது. குறைவாக வளர்ந்த உறுப்புகளோடு பிறந்த உடல், பின்னாளில் வயிறார உண்டு, உட்கார்ந்து வாழும்போது தாங்க முடியாமல் திணறுகிறது. எடை குறைந்து பிறந்தவர் எல்லோருக்கும் நோய் வரும் என்று இதற்குப் பொருள் இல்லை. நூறு பேரைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரியும் சாய்வு இது. ஆனால் அந்தச் சாய்வு ஒரு பெரிய உண்மையைச் சொன்னது: கர்ப்பிணிக்குப் போடும் ஒரு பிடிச் சோறு, பிறக்கப்போகிறவரின் அறுபதாவது வயதுவரை போய்ச் சேர்கிறது.

சவலை

எண் மட்டுமல்ல, ஒரு சொல்கூட மருத்துவரின் தாளில் உயிர் பிழைக்கும். சிசிலி வில்லியம்ஸ் என்ற குழந்தை மருத்துவர் இன்றைய கானாவில் பணிபுரிந்தபோது, கால் வீங்கி, தோல் உரிந்து, முடி நிறம் மாறி வந்த குழந்தைகளைக் கண்டார். 1933இல் அதைப் புதிய நோயாக விவரித்தார். பெயர் வைக்கத் தம் மொழியைத் தேடாமல், அந்த ஊர்த் தாய்மார்களிடம் கேட்டார். 'குவாஷியோர்கோர்' என்றார்கள். அடுத்த பிள்ளை வந்ததும் மடியிலிருந்து இறக்கிவிடப்பட்ட பிள்ளைக்கு வரும் நோய் என்று பொருள். நோயின் பெயரிலேயே காரணமும் இருந்தது. 1935இல் அந்தச் சொல் மருத்துவ இதழில் ஏறியது. அவருடைய தாள்கள் இன்று லண்டன் வெல்கம் நூலகத்தில் உள்ளன.

இதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. நம்மிடமும் அந்தச் சொல் இருக்கிறதே! இடுப்புப் பிள்ளைக்குப் பால் மறக்கும் முன்பே தாய் மறுபடி கருவுற்று, பால் கிடைக்காமல் மெலிந்து சிணுங்கும் பிள்ளையை நம் பாட்டிமார் 'சவலைப் பிள்ளை' என்பார்கள். கடல் கடந்த இரண்டு ஊர்த் தாய்மார்கள், ஒருவரை ஒருவர் அறியாமல், ஒரே உண்மையைக் கண்டு பெயரிட்டிருக்கிறார்கள். அங்கே ஒரு மருத்துவர் அதைக் காதில் வாங்கி எழுதினார். உலகம் அறிந்தது.

இன்று எழுதும் பக்கம்

இனி ஊருக்குத் திரும்புவோம். புதுக்கோட்டையில் ஏதாவது ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். பிறந்த குழந்தையைத் துணி விரித்த எடைத் தட்டில் கிடத்துகிறார் செவிலியர். காலை உதைக்கிறது. எண் நிற்கும்வரை காத்திருந்து, தாய் சேய் நல அட்டையில் 2.4 என்று எழுதுகிறார். இரண்டரைக்கு நூறு கிராம் குறைவு. அதனால் அந்தக் குழந்தையை அடிக்கடி பார்க்க வேண்டும் என்று தமக்குத் தாமே குறித்துக்கொள்கிறார். தமிழ்நாட்டில் கர்ப்பம் உறுதியானதும் தாய்க்குத் தரும் 'பிக்மி' எண்ணைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரே காலத்தில் கருவுற்றவர்களையும் பிறந்த குழந்தைகளையும் ஒரு கூட்டமாகத் தொடர்ந்து கவனிப்பது என்ற பொருள் அந்தப் பெயரின் விரிவிலேயே இருக்கிறது. ஹார்ட்ஃபோர்ட்ஷயரிலும் மைசூருவிலும் தற்செயலாக நேர்ந்ததை இங்கே திட்டமிட்டே செய்கிறோம். அந்தத் தாய்க்குக் கிடைக்கும் அரசின் மகப்பேறு நிதியுதவி, இந்த மாவட்டத்தில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில்தான் வருகிறது.

அவருடைய தாள்கள் தில்லியில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் அவரைப் போலவே சிற்றூர்களில் நாற்பது, ஐம்பது ஆண்டு பிள்ளைகளைப் பார்த்த மருத்துவர்கள், செவிலியர்கள், மருத்துவச்சிகள் எத்தனையோ பேர். அவர்களின் குறிப்பு நோட்டுகள் எங்கே? பெரும்பாலும் வீடு மாற்றும்போது பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. எடைக்குப் போடுவது என்கிறோம். ஆயிரம் குழந்தைகளின் எடையை எழுதிய நோட்டு, தானே இரண்டு கிலோ எடையாகிக் கரைந்துபோகிறது.

இதே புதுக்கோட்டையில் கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதியர் தம் சொந்த உழைப்பில் ஞானாலயா ஆய்வு நூலகத்தை உருவாக்கி, அரிய தமிழ் நூல்களின் முதற்பதிப்புகளைத் தேடித் தேடிச் சேர்த்தார்கள். தனி மனிதர்கள் நினைத்தால் முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். ஒரு மருத்துவர் மறைந்த வீட்டில் நோட்டுகள் இருந்தால், அவற்றை அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியிடமோ பல்கலைக்கழகத்திடமோ ஆவணக் காப்பகத்திடமோ காட்டுங்கள். நோயாளிகளின் அந்தரங்கம் பற்றிய கவலை நியாயமானது. அதற்காகத்தான் பெயருள்ள தாள்களைப் பல பத்தாண்டுகள் பூட்டி வைக்கும் வழக்கம் காப்பகங்களில் உண்டு. அதுவரை வீட்டில் வைத்திருக்க நேர்ந்தால் ஈரம் படாத உயரத்தில் வையுங்கள், துருப்பிடித்த ஊசிகளை எடுங்கள், பக்கத்தில் ஒரு துணி முடிச்சு வசம்பு வையுங்கள். பிள்ளை வளர்ப்பான் இந்த வேலையை நன்றாகவே செய்யும்.

சுகாதார நிலையத்தில் அந்தச் செவிலியர் 2.4 என்று எழுதியதைத் தாய் எட்டிப் பார்க்கிறாள். அட்டையை மடித்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, குழந்தையோடு சேர்த்து அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் புறப்படுகிறாள். இரண்டையும் அவள் ஒரே கையில்தான் பிடித்திருக்கிறாள்.